தற்செயலுக்கும் ஒரு சட்டம் உண்டு: கணிதமேதை சீனிவாச வரதன்



கணிதமேதை ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று எங்கள் பள்ளி மாணவர்களைக் கேட்டால், வகுப்பே ஒரே குரலில் "இராமானுசன்" என்று முழங்கும். 1729 என்னும் எண், கும்பகோணம், நாமகிரித் தாயார், கேம்பிரிட்ச் குளிர் என்று அவரைப் பற்றி ஐந்து நிமிடம் தடங்கலின்றிப் பேசக்கூடிய பிள்ளைகள் செமிலிங்கிலேயே இருக்கிறார்கள். பேச்சுப் போட்டிகளின் புண்ணியம்! "சரி, சீனிவாச வரதன் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். மாணவர்களை விடுங்கள், ஆசிரியர் அறையிலும் அமைதிதான் நிலவும்.

இத்தனைக்கும் வரதன் நம் காலத்து மனிதர். 1940ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் சென்னையில் பிறந்த தமிழர். கணிதத்துக்கு நோபல் பரிசு இல்லை என்னும் குறையைப் போக்குவதுபோல நோர்வே நாடு 2003 முதல் வழங்கிவரும் ஏபல் பரிசை 2007இல் பெற்றவர். ஆசியாவில் பிறந்தவர்களுள் அப்பரிசை முதலில் பெற்றவர் அவரே. அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் பதக்கமும் இந்தியாவின் பத்ம விபூசண் விருதும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் நம் பாடநூல்களும் பரிசளிப்பு விழா உரைகளும் அவரைத் தேடிப் போகவில்லை.

இராமானுசனைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் அவர் கதையை நாம் சொல்லும் விதத்தில் ஓர் இடர் இருக்கிறது. கனவில் தெய்வம் தோன்றிச் சூத்திரங்களைச் சொன்னது என்றே தொடங்குகிறோம். அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலையும், கடிதம் எழுத ஊக்கிய நண்பர்களையும் விட்டுவிடுகிறோம். சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம், "நீயும் இப்படிக் கணக்கோடு விளையாடலாமே!" என்றேன். "அது சாமி குடுத்த மூளை டீச்சர், நமக்கெல்லாம் வராது," என்று பணிவாகவே பதில் சொன்னான். அற்புதங்களைக் கேட்டு வியக்கலாம். பின்பற்ற முடியாது அல்லவா?

வரதனின் கதையில் அற்புதம் ஏதும் இல்லை. ஒவ்வொரு படியையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். அவர் தந்தை இரங்க ஐயங்கார் அறிவியல் ஆசிரியர். பின்னர்ச் சென்னைக்கு வடக்கே உள்ள பொன்னேரி என்னும் சிற்றூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரானவர். அப்பள்ளியில் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், ஆர்வமுள்ள மாணவர் சிலரை வார இறுதியில் தம் வீட்டுக்கு வரச் சொல்வாராம். அங்கே பாடம் நடத்தமாட்டார். சில கணக்குகளைக் கொடுப்பார், அவ்வளவுதான். அவற்றுக்கும் வகுப்புப் பாடத்துக்கும் தொடர்பு இராது, மதிப்பெண்ணும் கிடையாது. புதிர் போலவும் விளையாட்டுப் போலவும் அவற்றோடு பொழுதைப் போக்கியதை வரதன், ஏபல் பரிசு பெற்ற வேளையில் அளித்த நேர்காணலில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஆசிரியர்களாகிய நாம் இந்தச் செய்தியை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பட்டம் பெற்றபின் 1959இல் அவர் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குச் சென்றார். தொழிற்சாலைகளில் பொருள்களின் தரத்தைச் சோதிக்கும் புள்ளியியலைப் படித்து ஒரு வேலையில் அமர்வதே அப்போதைய எண்ணம். நம் பிள்ளைகளின் பெற்றோர் சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைகளில் செய்யும் தரச் சோதனை வேலைக்கு அடிப்படையான அதே கணக்குத்தான். அங்கே வி. எஸ். வரதராசன், இரங்கா ராவ், கே. ஆர். பார்த்தசாரதி என்னும் மூன்று மூத்த மாணவர்கள் அவரைத் தூய கணிதத்தின் பக்கம் இழுத்துக்கொண்டனர். நால்வரும் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டார்கள். (இவர்களுள் பார்த்தசாரதியும் சென்னைக்காரரே. குவாண்டம் இயற்பியலுக்கென ஒரு நிகழ்தகவுக் கணிதத்தை இராபின் அட்சன் என்னும் ஆங்கிலேயரோடு சேர்ந்து 1984இல் வகுத்தவர், 2023இல் மறைந்தார். அவரைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.) நால்வருக்கும் வழிகாட்டி புகழ்பெற்ற சி. ஆர். இராவ். 1962இல் இரசியாவிலிருந்து வந்திருந்த கோல்மகோரோவ், இருபத்திரண்டு வயது வரதனின் ஆய்வுரையைக் கேட்டார். அவரது ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் ஒருவராகவும் இருந்தார். 1963இல் வரதன் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரான்ட் கழகத்தில் சேர்ந்தார். அவருடைய பெரும்பணிகள் யாவும் அங்கேதான் நடந்தேறின.

பொன்னேரி ஆசிரியரைப் பற்றிப் படித்த பிறகுதான் எங்கள் பள்ளியில் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் 'கணக்கு விளையாட்டு' தொடங்கினேன். சிற்றுண்டிச்சாலை மேசைதான் களம். பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் வாரமே ஐவராகக் குறைந்தார்கள். காரணம் எளிது: பயிற்றித் தாள் கொடுப்பதில்லை, புள்ளி போடுவதில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அத்தேர்வு நம் மனத்தில் போட்டுவைத்த நாற்காலி இன்னும் காலியாகவில்லை. மாணவன் ஒருவனின் பாட்டி நேரிலேயே வந்துவிட்டார்.

"டீச்சர், சனிக்கிழமையும் காசு சுண்டி வெளையாடவா பிள்ளைய அனுப்புறது? நாலு பயிற்சி குடுத்தா நாளைக்காவது உதவும்."

அன்று நாங்கள் இருபது காசு நாணயத்தைச் சுண்டி, எத்தனை முறை பூ விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். (இப்போது புழங்கும் நம் காசுகளில் 'தலை' இல்லை, ஆகவே 'பூவா தலையா' எங்களிடம் 'பூவா மறுபக்கமா' ஆகிவிட்டது.) பாட்டியின் கேள்வி நியாயமானது. தோட்டத்தில் பால்மரம் சீவிய கையால் பேரனை வளர்ப்பவர் அவர். ஒரு மணி நேரம் வீணானாலும் அது அவருக்கு இழப்புத்தான். ஆகவே அவரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"பாட்டி, உங்கள் நிரையில் எத்தனை மரம்?"

"நானூத்தம்பது இருக்கும்."

"ஒரு மரம் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் கொடுக்கும்?"

"அத யாரு கண்டா? ஒண்ணு மங்கு நெறைய குடுக்கும். பக்கத்து மரம் பாதிகூடக் குடுக்காது. இன்னிக்குக் குடுத்தது நாளைக்குக் குடுக்காது. ஆனா மொத்தத்துல வாளி எவ்வளவு நெறையும்னு காலையிலயே சொல்லிடுவேன்."

எண்ணிப் பாருங்கள். ஒரு மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதவர், நானூற்றைம்பது மரங்களைப் பற்றி உறுதியாகச் சொல்கிறார். தனித்தனியே தற்செயல், ஒன்றாகச் சேர்ந்தால் விதி. இயற்பியலின் அடித்தளத்தில் இருக்கும் பெரிய கேள்வியே இதுதான்.

ஒரு தேக்கரண்டி நீரில் ஏறத்தாழ 160 கோடி கோடி கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன என்று எழுதினால் தவறாகப் படிக்க நேரும். ஒன்றரைக்குப் பின் இருபத்து மூன்று இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒவ்வொன்றும் மோதித் தடுமாறித் திசை தெரியாமல் அலைகின்றன. ஆயினும் தேநீரில் இட்ட சர்க்கரை ஒழுங்காகக் கரைகிறது. சூடு ஒழுங்காகத் தணிகிறது. நீர் ஒழுங்காக ஓடுகிறது. அடியில் குழப்பம், மேலே ஒழுங்கு. இது எப்படி? 'பார்த்தோம், அப்படித்தான் நடக்கிறது' என்பது செய்முறை. 'இப்படித்தான் நடந்தாக வேண்டும்' என்று காட்டுவது கணிதம். 1900இல் பாரிசில் டேவிட் ஹில்பர்ட் வருங்காலத்துக்கென 23 சிக்கல்களைப் பட்டியலிட்டபோது, ஆறாவது சிக்கலாக வைத்தது ஏறக்குறைய இதைத்தான். இயற்பியலை, குறிப்பாக நிகழ்தகவையும் இயக்கவியலையும், அடிப்படைக் கோட்பாடுகள் மீது நிறுத்துங்கள் என்றார்; அணுக்களிலிருந்து தொடங்கி, கண்ணால் காணும் பொருள்களின் விதிகளுக்கு வந்து சேரும் வழியைக் கணிதமாகக் காட்டுங்கள் என்றார். அதன் ஒரு பாதியை, அதாவது நிகழ்தகவின் அடிப்படைகளை, 1933இல் வகுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? வரதனின் ஆய்வுரையைக் கேட்ட அதே கோல்மகோரோவ்.

'நிகழ்தகவு' என்னும் சொல்லை எனக்கு மிகவும் பிடிக்கும். நிகழ்வதற்கான தகவு, அதாவது தகுதி. எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு தகுதி என்று அளப்பது. ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் பொருளைத் தெளிவாகக் காட்டுகிறது என்பேன்.

பாட்டியிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். "ஒரு நாள் பால் பாதியாகக் குறைந்துபோனால்?"

"மழை பேஞ்சிருக்கும். இல்லாட்டி எல உதுர்ற மாசமா இருக்கும். சும்மா கொறையாது."

நானூற்றைம்பது மரங்களும் தற்செயலாக ஒரே நாளில் சேர்ந்து குறைத்துக்கொண்டன என்று சொன்னால் எந்தக் கங்காணியும் நம்பமாட்டார். ஏன் நம்பமாட்டார்? எவ்வளவு நம்பமாட்டார்? அந்த 'எவ்வளவு' என்பதில்தான் வரதனின் கணிதம் தொடங்குகிறது.

இதைக் காசைச் சுண்டியே பிள்ளைகளுக்குக் காட்டலாம். 10 முறை சுண்டினால் எட்டோ அதற்கு மேலோ பூ விழும் நிகழ்தகவு 1024இல் 56. அதாவது நூற்றுக்கு ஐந்தரை. வகுப்பில் யாருக்காவது விழுந்துவிடும். அதே விகிதத்தில், 20 முறை சுண்டி 16 அல்லது அதற்கு மேல் பூ விழுவது ஆயிரத்துக்கு ஆறு. 100 முறை சுண்டி 80 அல்லது அதற்கு மேல் விழுவதோ ஏறக்குறைய 180 கோடியில் ஒன்று. கவனியுங்கள்: விகிதம் மாறவில்லை, ஐந்துக்கு நான்குதான். ஆனால் சுண்டும் எண்ணிக்கை பத்துப் பத்தாகக் கூடும்போதெல்லாம் நிகழ்தகவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிக்கொண்டே போகிறது. ஏதோ ஒவ்வொரு சுண்டலுக்கும் ஒரு கட்டணம் வசூலிப்பதுபோல! எவ்வளவு அரிதான விகிதத்தைக் கேட்கிறோமோ, கட்டணம் அவ்வளவு கூடுதல். பாதிக்குப் பாதி கேட்டால் கட்டணமே இல்லை.

இந்தக் கட்டணத்தைக் காசு போன்ற எளிய நிகழ்ச்சிகளுக்கு 1938இல் சுவீடன் நாட்டுக் கணிதர் கிராமர் கணக்கிட்டிருந்தார். காப்புறுதி நிறுவனங்களுக்கு அது தேவைப்பட்டது: எல்லாரும் ஒரே ஆண்டில் இழப்பீடு கேட்டு வந்துவிட்டால் என்ன ஆவது என்பது அவர்கள் கவலை. 1966இல் வெளியிட்ட கட்டுரையில் வரதன் இதைக் காசிலிருந்தும் காப்புறுதியிலிருந்தும் விடுவித்தார். வளைந்து நெளியும் பாதைகள், பரவும் வெப்பம், அலையும் துகள்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுச் சட்டமாக ஆக்கினார். 'பெருவிலகல் கோட்பாடு' என்று தமிழில் சொல்லலாம். ஏபல் பரிசுக் குழு தன் பாராட்டில் தனித்துக் குறிப்பிட்டதும் இதையே.

அக்கோட்பாட்டில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி ஒன்றுண்டு. அரிய நிகழ்ச்சி ஒன்று நடந்தே விட்டதென்றால், அது எவ்வழியில் நடந்திருக்கும்? 100இல் 80 பூ விழுந்த அந்த 180 கோடியில் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் 60 சுண்டலிலும் தொடர்ந்து பூ விழுந்து, பிறகு வழக்கம்போல் பாதிக்குப் பாதி விழுந்திருக்குமா? அப்படியும் 80 வரும். ஆனால் தொடர்ந்து 60 பூ விழும் நிகழ்தகவு, ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழியம் போட்ட எண்ணில் ஒன்றைவிடவும் குறைவு. அது மிக விலையுயர்ந்த வழி. உண்மையில் நடந்திருக்கக்கூடியது இது: தொடக்கம் முதல் முடிவு வரை, ஐந்துக்கு நான்கு பூ விழும் கோணல் காசு ஒன்றைச் சுண்டியதுபோல, சீராகப் பரவி விழுந்திருக்கும். அரிய நிகழ்ச்சிகூட, இருக்கும் வழிகளுள் மிக மலிவான வழியைத் தேர்ந்தெடுத்துத்தான் நடக்கிறது. தற்செயலுக்கும் ஒரு சட்டம் உண்டு என்று தலைப்பில் சொன்னது இதைத்தான்.

இதைத் தன்முனைப்பு முகாம்களில் பேசும் அன்பர்கள் எடுத்துக்கொண்டு, 'நீயும் ஓர் அரிய நிகழ்ச்சி!' என்று மேடையில் முழங்காமல் இருக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். கணிதத் தேற்றம் என்பது பொன்மொழியன்று.

மீண்டும் இயற்பியலுக்கு வருவோம். செமிலிங்குக்கு அருகே சுங்கை பத்துவில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிச் சுற்றுலா அழைத்துப் போக நல்ல இடம். இரும்பையும் வெப்பத்தையும் வைத்து ஒரு கேள்வி. தோசைக்கல்லின் ஓர் இடத்தைக் கணநேரம் சுடவைத்தால், இன்னோர் இடத்துக்குச் சூடு எவ்வளவு வேகமாக வந்துசேரும்? வெப்பத்தைக் கணிதத்தில் தடுமாறி அலையும் கோடானுகோடிப் பாதைகளாக எண்ணலாம். மிகக் குறுகிய நேரத்துக்குள் அங்கே போய்ச் சேரவேண்டுமென்றால், அது அரிய நிகழ்ச்சி. அரிய நிகழ்ச்சி மலிவான வழியில்தான் நடக்கும் என்று பார்த்தோம். இங்கே மலிவான வழி எது? இரண்டு இடங்களுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய பாதை! ஆகவே தொடக்கக் கணத்தில் வந்துசேரும் சூட்டின் மிகச் சிறிய அளவைப் பார்த்தே இரண்டு இடங்களுக்கும் உள்ள தொலைவைச் சொல்லிவிடலாம். கல்லில் ஓட்டை இருந்தால் அதைச் சுற்றிவரும் தொலைவையும், இடத்துக்கு இடம் வெப்பம் கடத்தும் தன்மை மாறினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே அது சொல்லும். வரதன் 1967இல் மெய்ப்பித்த சூத்திரம் இது. தடுமாறும் துகள்களுக்கும் வடிவியலுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது வியப்பன்றோ! நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2013இல், கணினி வரைகலை ஆய்வாளர்கள் வளைந்த பரப்புகளின் மேல் குறுகிய தொலைவைக் கண்டறிய இதே சூத்திரத்திலிருந்து ஒரு முறையை உருவாக்கினார்கள்.

மன்ரோ டான்சுகர் என்னும் கூரான்ட் கழகப் பேராசிரியரோடு சேர்ந்து வரதன் 1975 முதல் எழுதிய கட்டுரை வரிசை இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. உப்புப் போன்ற படிகத்தின் உள்ளே ஓடும் எலக்ட்ரான், சுற்றியுள்ள அணுக்களையும் இழுத்துக்கொண்டு போவதால் கனத்துப்போகிறது. இந்தக் கூட்டுப் பொருளைப் பொலரான் என்பர். அதன் ஆற்றலுக்குச் சோவியத் இயற்பியலர் பெக்கர் ஒரு வாய்பாடு சொல்லியிருந்தார். பைன்மன் 1955இல் அதே சிக்கலைப் பாதைகளின் கூட்டலாக எழுதியிருந்தார். பெக்கரின் வாய்பாடு சரியே என்பதைப் பைன்மனின் பாதைகளை வைத்து டான்சுகரும் வரதனும் 1983இல் ஐயமற மெய்ப்பித்தனர். இதன் நுட்பம் நம் தொடக்கப்பள்ளி எல்லைக்கு அப்பாற்பட்டது. விட்டுவிடுவோம்.

ஹில்பர்ட்டின் கேள்விக்கு மிக நெருங்கிய பணி எண்பதுகளின் இறுதியில் வந்தது. பள்ளி மண்டபத்தில் நீண்ட வரிசையாக நாற்காலிகள். சிலவற்றில் மாணவர்கள், சில காலி. விதி ஒன்றுதான்: அவரவர் மனம் போனபோது, பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் நகரலாம், ஆள் இருந்தால் நகரக்கூடாது. தொடக்கத்தில் எல்லாரும் மேடைப் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சிறிது நேரத்தில் என்ன ஆகும்? ஒவ்வொரு மாணவனும் எங்கே இருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்தின் நெருக்கம் எப்படி மெல்லப் பரவும் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம்; இரும்புக் கம்பியில் வெப்பம் பரவும் அதே சமன்பாடு! இதுபோல் துகள்கள் ஒன்றையொன்று பாதிக்கும் அமைப்புகளிலிருந்து பெரிய அளவிலான விதியை வருவிக்கும் பொதுமுறையை, குவோ, பாபனிகொலாவு ஆகியோருடன் 1988இல் வரதன் வெளியிட்டார். மறு ஆண்டே கிப்னிசு, ஒல்லா இருவருடன் சேர்ந்து நாற்காலி அமைப்பையே எடுத்துக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார்: கூட்டம் அந்த விதியை மீறி நடந்துகொள்ள எவ்வளவு கட்டணம்? எல்லாரும் தற்செயலாக மீண்டும் மேடைப் பக்கமே குவிந்துவிட எவ்வளவு வாய்ப்பு? அதற்கும் கணக்கு வந்தது.

அந்தக் கட்டணத்தை உற்றுப் பார்த்தால் அது பழைய நண்பர்தான்: போல்ட்சுமன் சொன்ன என்ட்ரோபி, வேறு உடையில் வந்திருக்கிறது. வியன்னாவில் போல்ட்சுமனின் கல்லறை மேல் அந்தச் சூத்திரமே பொறிக்கப்பட்டிருக்கிறது. பரவிய கூட்டம் ஏன் தானாகக் குவிவதில்லை, ஆறிய தேநீர் ஏன் தானாகச் சுடுவதில்லை என்பதற்கு, 'முடியாது' என்பது விடையன்று. 'கட்டணம் கட்டி முடியாது' என்பதே விடை. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருக்கும் கம்பியைப் போல, அமைதிநிலைக்கு வராத அமைப்புகளைப் புரிந்துகொள்ள 2001 முதல் இத்தாலியையும் பிரேசிலையும் சேர்ந்த அறிஞர்கள் எழுப்பிய கோட்பாடும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. கணிதர் ஒருவர் இயற்பியலுக்குச் செய்யக்கூடிய தொண்டு இதைவிடப் பெரிதாக என்ன இருக்கமுடியும்? புதிய துகள் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே உண்மையென்று நம்பியவை ஏன் உண்மை என்று காட்டினார்.

பாட்டிக்கு இவ்வளவையும் சொன்னேனா என்று கேட்காதீர்கள். நானூற்றைம்பது மரங்கள் வரை சொன்னேன். அவர் கேட்டார்; பேரனைப் பார்த்தார்; "ஆண்டு முடிவுல புள்ளி கொறஞ்சா நிப்பாட்டிடுவேன் டீச்சர்," என்றார். ஒப்பந்தம் அப்படித்தான் நிற்கிறது. தேர்வுக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. பையன் பெருக்கல் வாய்பாட்டில் எட்டைத் தாண்டத் தடுமாறுகிறான். ஆனால் காசு எண்ணும் அட்டவணையைத் தானே கோடு போட்டுத் தயாரித்துக்கொண்டு வருகிறான். இரண்டில் எது வெல்லும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

பெற்றோர்கள் வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் நிகழ்தகவு எட்டிப் பார்ப்பதால் பாடத்துக்குப் புறம்பு என்றும் யாரும் சொல்லமுடியாது. பிள்ளைகளை இரு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு காசை உண்மையாகவே 100 முறை சுண்டி, பூவுக்கு 'பூ', மறுபக்கத்துக்கு 'ம' என்று வரிசையாக எழுதட்டும். மற்றக் குழு காசைத் தொடாமல், 100 முறை சுண்டியதுபோலக் கற்பனையாக எழுதட்டும். நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். பிறகு இரண்டு தாள்களையும் பெயரின்றி வாங்கி, ஒரே பக்கம் தொடர்ந்து விழுந்த மிக நீண்ட வரிசை எது என்று பாருங்கள். உண்மையான சுண்டலில் ஐந்து அல்லது அதற்கு மேல் தொடர்ந்து விழுவது நூற்றுக்கு ஏறக்குறைய 97 தடவை நடக்கும். ஆறு அல்லது அதற்கு மேல் விழுவது 80 தடவை. கற்பனையாக எழுதுபவர்களோ மூன்று பூ தொடர்ந்து எழுதியதுமே கை நடுங்கி மாற்றிவிடுவார்கள். எந்தத் தாள் யாருடையது என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்கும்போது உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் காத்திருங்கள்.

எங்களுக்கு அடுத்த சனிக்கிழமை நாற்காலி விளையாட்டு. காலை ஒன்பது மணிக்கு, பள்ளி மண்டபத்தில். வேறு பள்ளிப் பிள்ளைகளும் வரலாம். எழுதுகோலும் கட்டம் போட்ட தாளும் கொண்டுவந்தால் போதும்.